ஒழிக்க முடியாத இனாம்தார்

இனாம் நிலங்களை ஒழிக்கச் சட்டம் போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கள்ளக்குறிச்சியில் நான் குப்பை கொட்டிய வருவாய்த் துறை அலுவலகத்தில் ஓர் இனாம்தார் கடைசிவரை ஒழியாமல் இருந்தார். அவர் பேரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எங்கள் ஜீப்பின் டிரைவர், அவ்வளவுதான். யாருக்கும் இனாமாகவே கொடுப்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. பேரம் பேசி விலையை ஏற்றிய ஒரே மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் அவர்தான் என்று நான் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துத் தருவேன்.

ஒருமுறை கல்வராயன் மலைக்கு ஆய்வுக்குப் போனோம். வெள்ளிமலைச் சாலையோரம் ஓர் அம்மாள் பலாப்பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனாம்தார் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாம்மா வெல?"

"நூறு ரூவா சார்."

"இம்மாம் பெரிய பழம், நூறுன்னா ரொம்ப கம்மி. நூத்தம்பதுன்னா குடு, இல்லன்னா வாணாம்."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பழத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு முந்தானையால் மூடிக்கொண்டார்.

"இதுல இன்னாத்தையோ கண்டுகினுதான் கேக்கற. நான் விக்கல, போ சார்."

அரசு டீசலை எரித்து, நடக்க இருந்த ஒரு வியாபாரத்தைக் கெடுத்த திருப்தியோடு மலை இறங்கினோம்.

அவருடைய காக்கிச் சட்டையில் இரண்டு பைகள். வலது பை வீட்டுக்கு. இடது பை கொடுப்பதற்கு. சம்பளம் எடுத்ததும் முதலில் நிரம்புவது இடதுதான். அது கொள்ளாததைத் தபால் ஆபீசில் தனிக் கணக்காகப் போட்டு வைப்பார். மாதக் கடைசியில் வலது பை காய்ந்துவிட்டால் டீ குடிக்க மாட்டார். "இடது பக்கம் பிதுங்குதேய்யா" என்றால், "அது நம்ப துட்டு இல்ல சார்" என்பார். பிறகு அந்தக் கொடைவள்ளலுக்கு நான்தான் டீ வாங்கித் தரவேண்டும்.

இவ்வளவு கொடுத்தவர் கடன் மட்டும் தரமாட்டார். "கடன் குடுத்தா அந்தாளப் பாக்கும்போதெல்லாம் துட்டுதான் சார் தெரியுது, மூஞ்சி தெரிய மாட்டேங்குது" என்பது அவர் கட்சி. கடன் கேட்டவரிடம் இனாமாக நீட்டுவார். கேட்டவரோ முகம் சிவந்து போய்விடுவார். வாங்கிய கடனைத் திருப்பாமல் விட்டால் மானம் போகாது. சும்மா வாங்கினால் போய்விடும். நம் ஊர் மானத்தின் நடைமுறை விதிகள் அப்படி.

எங்கள் ஹெட்கிளார்க் அந்த விதிகளைக் கரைத்துக் குடித்தவர். பிச்சைக்காரருக்கு ஒரு ரூபாய் போட்டால் நாட்டில் சோம்பேறித்தனம் வளரும் என்பார். அதனால் சேமிப்பையெல்லாம் இரட்டை வட்டி தருவதாகச் சொன்ன, முன்பின் தெரியாத ஒரு நிதி நிறுவனத்துக்குக் கொடுத்தார். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, சுறுசுறுப்பாக ஓடிவிட்டார்கள்.

சரியாக அப்போது மகனுக்கு இன்ஜினீயரிங் இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். வைப்பு நிதி முன்பணம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு மனு போட்டால், பையன் படித்து முடித்து வேலைக்குப் போனபின் கைக்கு வரும். ஆகவே ஹெட்கிளார்க் ஜீப் ஷெட்டுக்கு வந்தார்.

"யோவ், கடனாக் குடு. ஸ்டாம்ப் ஒட்டி எழுதித் தரேன்."

"எழுதித் தந்தா துட்டு இல்ல சார். சும்மா எடுத்துக்கினு போங்க, இருக்குது."

"உங்கிட்ட இனாம் வாங்கறதுக்கு என் புள்ள மாடு மேய்க்கட்டும்யா!"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பணமும் இருந்தது, தேவையும் இருந்தது. நடுவில் கௌரவம் என்று ஒன்று ஆட்சேபணை எழுதிக்கொண்டிருந்தது. இதைத் தீர்க்க எனக்குத் தெரிந்த அரசாணைகளில் ஒன்றுகூட உதவவில்லை.

டிபன் கேரியரோடு வந்த ஹெட்கிளார்க்கின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏங்க, நம்ப பையனுக்கு இன்னும் காது குத்தவே இல்லியே."

"மீச மொளச்சவனுக்கு இன்னாடி காதுகுத்து?"

"உக்கார வைக்க மாமன் மடி இல்லாமதான தள்ளிப்போட்டோம்? எனக்குத்தான் கூடப் பொறந்தவங்க இல்ல." இனாம்தார் பக்கம் திரும்பினார். "அண்ணே, மடி குடுப்பீங்களா?"

தாய்மாமன் சீர் கடனும் இல்லை, இனாமும் இல்லை. அது உரிமை. செய்யாவிட்டால் மாமனுக்கு அவமானம், வாங்காவிட்டால் பகை. ஹெட்கிளார்க் மனைவி கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கிக்கொண்டார். ஆட்சேபணை இல்லை என்று நான் பதிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில். தாம்பாளத்தில் வேட்டி, பழம், வெற்றிலை, அதன் கீழே கல்லூரிக் கட்டணம். ஆறடி உயரத் தாடிக்காரன், ஒல்லி இனாம்தாரின் மடியில் உட்கார்ந்தான். மாமன் முழுதாக மறைந்துபோனார். "மாமா எங்கப்பா காணோம்?" என்று காது குத்த வந்த பத்தர் ஊசியோடு தேடினார். குத்தியதும் பையன் "ஐயோ மாமா!" என்று அலறினான். கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

பையன் எழுந்தபின்னும் இனாம்தார் எழவில்லை.

"இன்னாய்யா?"

"காலு மரத்துப்போச்சு சார்."

கை கொடுத்துத் தூக்கினேன். ஜீப் வரைக்கும் என் தோளில் கை போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். பாதி வழியிலேயே நடை சரியாகிவிட்டது எனக்குத் தெரிந்தது. டிரைவர் அதிகாரியின் தோளில் கை போட விதிகளில் இடமில்லை. கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.