ஆமைக்கு ஒரு மெடிக்கல்

மொன்றியலில் ரொக்ஸ்பரோவிலிருந்து துறைமுகம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு வருத்தமும் இல்லாத சீவனைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடிய தமிழன் மெடிக்கல் அண்ணை ஒருவர்தான். வருத்தம் வந்தால் டொக்டரிடம் போவது உலக வழக்கம். வந்தாலும் போகாமல் மல்லித்தண்ணி குடித்துச் சமாளிப்பது எங்கள் வழக்கம். அண்ணை இரண்டிலும் சேர்த்தியில்லை.

மெடிக்கல் என்ற பட்டம் பிறகுதான் வந்தது. அவர் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை செய்தார். மற்றவர்கள் நசிந்த பெட்டியைத் திறப்பார்கள், இவர் நல்ல பெட்டியைத் திறப்பார். "உடைஞ்ச பெட்டி தானே சொல்லும். வடிவா இருக்கிற பெட்டியைத்தான் பாக்கோணும்" என்பார். அவருடைய பழைய காருக்கும் அதே கதிதான். சத்தமில்லாமல் ஓடுகிறதே என்று பயந்து கராஜுக்குக் கொண்டுபோவார். அவரைக் கண்டால் மெக்கானிக் பின்கதவால் சாப்பிடப் போய்விடுவான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருடங்கள். ரொக்ஸ்பரோவில் ஒரு பேஸ்மெண்ட்டில் மூன்று பேர் இருந்தோம்: அண்ணை, நான், டாக்சி ஓட்டுகிற சாத்திரியார். சாத்திரியார் சாத்திரம் படித்தவர் அல்ல. சகுனம் பார்க்காமல் சப்பாத்துக்கூடப் போடமாட்டார், அவ்வளவுதான். பல்லி இல்லாத நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோமே என்ற ஏக்கம் அவருக்கு எப்போதும் உண்டு.

யூலை முதலாம் தேதி மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். மேல்வீட்டுப் பிரெஞ்சுக்காரப் பெண்ணும் மாறினாள். புதுவீட்டுக்காரன் பிராணிகள் கூடாதென்றுவிட்டானாம். உள்ளங்கையளவு ஆமைக்குட்டி ஒன்றைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து அண்ணையிடம் நீட்டினாள். வேண்டாம் என்பதற்கு அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியும், சொல்ல மனம் வரவில்லை. "மெர்சி" என்று வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

சாத்திரியார் வாசலை மறித்தார். "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு சும்மாவே சொன்னவை?"

"இது புகேல்லை. நான் தூக்கிக்கொண்டெல்லோ வந்தனான்" என்றார் அண்ணை.

சாத்திரியார் வழிவிட்டார். அன்றிலிருந்து ஆமை தன் காலால் வாசற்படியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பாயிற்று.

அந்த வீடு ஏற்கெனவே உருப்பட்டுக் கிழிந்த வீடுதான். சூரியன் யன்னலின் மேல்விளிம்பால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மூன்று பேரும் மூன்று நேரத்தில் வந்து, ஒரே சோற்றுப்பானையைச் சுரண்டிவிட்டுப் படுப்போம். அண்ணை மனைவியை ஸ்பொன்சர் செய்துவிட்டுக் காத்திருந்தார். அந்த அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, தமக்கை வீட்டில் ஒரு பெட்டியோடு இருந்தார். விசா கொடுக்கக் கனடா கேட்கிற உடற்பரிசோதனை, அந்த மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அது ஒரு சடங்கு என்றே எல்லோரும் நினைத்தோம்.

இலையுதிர்காலத்தில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சுப் பக்கம் ஒரு நிழல் தெரிகிறதாம். சயரோகமாக இருக்கலாம், மருந்து எடுத்துவிட்டுத் திரும்பப் படம் பிடிக்க வேண்டுமாம். அண்ணை ரிசீவரை வைத்துவிட்டு, ஆமைக்கு முன்னால் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாத்திரியாரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நான் அண்டைக்கே சொன்னனான். இது வந்தாப் பிறகுதானே எல்லாம். ஒண்டில் இது இருக்கோணும், இல்லாட்டி நான்."

அண்ணை நிமிர்ந்தார். "இதுக்கு ஒரு மெடிக்கல் எடுப்பம்."

ஆமை அந்த நேரம் ஒரு கீரைத்தண்டை வெட்டி விழுங்கிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் மிளகு போலப் பளபளத்தன. எங்கள் மூவரிலும் ஆரோக்கியமானது அதுதான்.

"சுகமாத்தானே அண்ணை இருக்கு. பிறகேன் டொக்டர்?" என்றேன்.

"மனிசியும் சுகமாத்தான் தம்பி இருந்தவ. ஒரு தடிமன் காய்ச்சல் வந்ததில்லை."

நான் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்தேன்.

ஆமை பார்க்கிற டொக்டர் கிடைப்பது லேசில்லை. கேட்ட இடமெல்லாம் நாய், பூனை என்றார்கள். கடைசியில் நகரத்துக்குள் ஒருவர் அகப்பட்டார். போகவேண்டிய நாளில் அண்ணையின் கார், ஒரு பிழையும் இல்லாத காரணத்தால், கராஜில் நின்றது. வெளியே பனி கொட்டியது. சாத்திரியார் எழும்பிப்போய் டாக்சியின் முன் கண்ணாடியில் கண்ணூறு படாமல் ஒரு தேசிக்காயைக் கட்டிவிட்டு, "ஏறுங்கோ" என்றார். அண்ணை ஜாக்கெட்டுக்குள் ஆமையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

வரவேற்பில் இருந்த பெண் என்ன வருத்தம் என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை, சுகமா இருக்கு, அதுதான் கொண்டுவந்தனாங்கள் எண்டு சொல்லும்" என்றார் அண்ணை. நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவள் இரண்டாந்தரம் கேட்டாள். நானும் இரண்டாந்தரம் சொன்னேன்.

டொக்டர் ஓர் இளம்பெண். ஆமையை நிறுத்தார், வாயைத் திறந்து பார்த்தார், ஓட்டைத் தட்டிப் பார்த்தார். கொண்டுவந்தது நல்லது, இந்தப் பிராணிகள் வருத்தத்தைக் கடைசிவரை வெளியே காட்டாது என்றார். அதை நான் ஏன் மொழிபெயர்த்தேனோ. அண்ணையின் முகம் இருண்டுபோயிற்று.

"அப்ப நெஞ்சுப் படம் ஒண்டு எடுக்கச் சொல்லும்."

தேவையில்லை என்றார் டொக்டர். அண்ணை நகரவில்லை. கெஞ்சவுமில்லை, சும்மா நின்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கொழும்பில் இருக்கிற மனிசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஆமையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

படத்தில் ஒரு நிழலும் இல்லை. ஒரே ஒரு குறை: வெயில் படாவிட்டால் ஓடு மெலிந்துவிடும், அதற்கென்று இருக்கிற விளக்கைப் போடுங்கள் என்றார்.

"எங்கட ஓடும் அப்பிடித்தான் கிடக்கு" என்றார் அண்ணை. வெகுநாளைக்குப் பிறகு அவர் சொன்ன பகிடி அது. டாக்சியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், சாத்திரியாரும்தான்.

அந்த எக்ஸ்ரேயை அண்ணை யன்னலில் ஒட்டினார். வந்து போகிறவர்களுக்கெல்லாம், "பாருங்கோ, கிளியர்" என்று காட்டுவார். பட்டம் அப்படித்தான் கிடைத்தது. ஆமையின் விளக்கு வெளிச்சத்தில் நாங்களும் முறை வைத்துக் குந்தியிருந்தோம்.

பனி கரைகிற காலத்தில் திரும்பத் தொலைபேசி வந்தது. நிழல் அவர்கள் நினைத்த நிழல் இல்லையாம். புற்றுநோய், மருந்தால் மாற்றுகிற கட்டத்தைக் கடந்துவிட்டதாம். இனி மனைவி இங்கே வருவதற்கில்லை. ஆகவே அண்ணை அங்கே போனார்.

புறப்படுகிற அன்று ஆமையை என் கையில் தந்தார். சாத்திரியார் கலங்கிப்போய், "இந்தச் சனியன் வந்துதானே அண்ணை..." என்று தொடங்கினார்.

"இல்லைத் தம்பி. அதின்ர மெடிக்கல் கிளியர். அதில ஒரு குற்றமும் இல்லை" என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கு வருசத்துக்கு ஒருக்கா மெடிக்கல் எடுத்துப் போடும்" என்றார்.

மனைவியை அவர் கடைசிவரை பக்கத்திலிருந்து பார்த்தார். அதன்பிறகும் திரும்பி வரவில்லை. அவ இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று கேட்டார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், அதனால் வற்புறுத்தவில்லை.

ஆமை இப்போது சாப்பாட்டுத் தட்டளவு இருக்கிறது. வருடம் தவறாமல் கொண்டுபோகிறேன். வரவேற்பில் யாராவது புதுப் பெண் என்ன வருத்தம் என்று கேட்பாள். ஒன்றுமில்லை, சுகமாய் இருக்கிறது, அதுதான் கொண்டுவந்தேன் என்பேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்குத் தொலைபேசி எடுப்பேன்.

"கிளியர் அண்ணை."

மறுமுனையில் அண்ணை சொல்வார்:

"நல்லது. நீரும் ஒருக்கா மெடிக்கல் எடுத்துப் போடும்."

"நான் சுகமாத்தான் அண்ணை இருக்கிறன்."

"அதுக்குத்தான் சொல்லுறன்."