மச்சான் ஊட்டு மாடுகள் இங்கிலீசு கற்ற விவரம்

கணபதி,
தை 20, 1935.

கிணத்துக்கடவு பெரியதோட்டம் மச்சான் திருமலைசாமிக் கவுண்டர் அவர்கள் சமூகத்துக்கு, கணபதி ஊரிலிருந்து நஞ்சுண்டன் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை நாச்சியம்மாளும் நலம். தங்களுடைய மயிலை மாடும் செவலை மாடும் எங்களைவிட நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தோட்டம் துரவோடு நன்றாக இருக்கப் பேரூர் பட்டீசுவரன் துணை நிற்பானாக.

தாங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்தில் மாடுகளை அனுப்பும்படியும், இரண்டாவதில் உடனே அனுப்பும்படியும், மூன்றாவதில் புகையிலை தண்ணியில்லாமல் வாடுகிறது, வெள்ளிக்கிழமைக்குள் மாடு வராவிட்டால் இனி ஆயுசுக்கும் என் மூஞ்சியில் முழிப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். என்னுடைய மாடு கால் ஊன முடியாமல் படுத்தபோது, கேட்ட மாத்திரத்தில் ஜோடியை அவிழ்த்து அனுப்பிய தங்கள் பெருந்தன்மையை நான் மறப்பவனல்ல. ஆனால் அனுப்புவதில் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அந்த மாடுகளுக்கு இப்போது தமிழ் புரிவதில்லை. இங்கிலீசு மட்டும்தான் புரிகிறது.

கோபிக்காமல் மேலே படிக்க வேண்டும். எங்கள் ஊர்த் தோட்டங்களுக்குப் பைக்காரா கரண்டுக் கம்பி இழுக்கலாமா வேண்டாமா என்று பார்த்து எழுத ஒரு வெள்ளைக்காரத் தொரெ வருவதாகச் சேதி வந்தது. கரண்டு வந்தால் கிணத்துக்கு மோட்டார் வைக்கலாம், மாட்டுக்கும் மனுசனுக்கும் நோவு இல்லை. தொரெகிட்ட ஆரு பேசுறது என்று ஊரே கூடிப் பேசி, மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவன் நான் ஒருத்தன்தான் என்று என் தலையில் கட்டிப்போட்டார்கள். எனக்கு அம்பத்திரண்டு வயசு. அதுவரைக்கும் ஊரில் ஒருத்தரும் என்னை ஒரு காரியத்துக்கு முன்னால நிறுத்தினதில்லீங்க மச்சான், அதனால நானும் சந்தோசமா ஒத்துக்கிட்டேன். கோயமுத்தூரில் முப்பது வருசம் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு சொல்லிக் குடுத்து ஓய்வு பெற்றிருக்கிற அமிர்தநாதன் வாத்தியாரிடம் போய் நின்றேன். அவர் சொன்னார், "ஏனுங்க கவுண்டரே, இங்கிலீசுக்காரன் ஊட்டுக்குள்ள பேசுறது பூராவும் சின்னச் சின்ன வார்த்தைதானுங்க. கெட், புட், லுக், கோ, கம். அதுக்குப் பின்னால அப்பு, டவுனு, ஆஃப்புன்னு ஒரு வால் கட்டி உட்டுருவானுங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொல்லிப்போட்டார், எனக்கல்லவா தெரியும் பாடு. கெட் அப்புன்னா எந்திரிக்கிறது, கெட் ஆஃப்புன்னா எறங்குறது, கெட் அவுட்டுன்னா வெளிய போறது, சரி போகட்டும். லுக்குன்னா பாரு, ஆஃப்டர்னா பின்னால, ரெண்டையும் சேர்த்தா பின்னால பாருன்னு வரோணுமா இல்லீங்களா? பத்திரமாப் பார்த்துக்கோன்னு வருதாம். கிவ்வுன்னா குடு, அப்புன்னா மேல. ரெண்டும் சேர்ந்தா உட்டுத் தொலைன்னு அர்த்தமாம். வார்த்தைக்கு இத்தனை பஞ்சம் வந்தவனா நம்மளை ஆளுறான் என்று வாத்தியாரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மனப்பாடம் பண்ணினா வராதுங்க. தெனமும் பொழங்கோணும். ஒவ்வொண்ணையும் ஆருகிட்டயாச்சும் சொல்லுங்க, அவிய அதைச் செஞ்சு முடிக்கிற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க" என்றார்.

அங்கதானுங்க மச்சான் என்னைச் சனி புடிச்சுது. ஊட்டுக்கு வந்து, தண்ணிக்கொடத்தோட வந்த உங்க தங்கச்சியப் பார்த்து "புட் டவுன்" என்றேன். அவ கொடத்தை எறக்காம என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துப்போட்டு உள்ள போயிட்டா. களையெடுத்துக்கிட்டிருந்த பழனாத்தாளைப் பார்த்து "கெட் அப்" என்றேன், அவ எனக்குப் பேய் புடிச்சுதுன்னு களைக்கொத்தை அங்கியே போட்டுட்டுப் போய் மந்திரிக்கிறவனைக் கூட்டிட்டு வந்துட்டா, அவன் வேப்பிலையால என்னை அடிச்ச அடியில மூணு நாளைக்கு முதுகு எரிஞ்சுது. பொறவு ஆருகிட்டத்தான் சொல்றது? தெனமும் கிணத்துல தண்ணி எறைக்கோணும், மாடு சரிவுல எறங்கினா தோல்பறி தண்ணியோட மேல வருது, மாடு பின்னால நடந்தா பறி மறுபடியும் உள்ள எறங்குது. எறங்கு, ஏறு, நில்லு, திரும்பி வா, இதுதானுங்களே வாத்தியார் எழுதிக் குடுத்த பாடமும்? சரின்னு கிணத்து மேட்டுல நின்னு "கோ டவுன்" என்றேன். மாடு அசையல. உங்க தங்கச்சி மாட்டுக்குப் பின்னால சும்மா நின்னுக்கிட்டிருந்தவ, "எங்கண்ணன் ஊட்டு மாட்டை மரியாதையில்லாமப் பேசாதீங்க" என்றா. நாயமாத்தானுங்களே பட்டுது, பொறந்த ஊட்டுச் சொத்தாச்சே. "கோ டவுனுங்க" என்றேன். எறங்குச்சு மச்சான். ரெண்டும் சோடியா எறங்குச்சு. "கம் பேக்குங்க" என்றேன், பின்னாலயே நடந்து மேல வந்துச்சு.

நான் சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கல்யாணமாகி முப்பது வருசத்துல நான் சொன்ன சொல்லைச் சொன்னபடி கேட்ட சீவன் இந்த ஊட்டுல உங்க மாடு ரெண்டுதான். பொறவு ஒரு மாசம் நான் சோத்தைக்கூட மறந்து கிணத்து மேட்டுலயே கெடந்தேன். உங்க தங்கச்சியும் தெனமும் வந்து மாட்டுக்குப் பின்னால நிப்பா, ஒரு ஒத்தாசையும் இல்ல, சும்மா நிப்பா. ஹோல்டு ஆனுங்கன்னா நிக்கும், கோ ஆனுங்கன்னா போகும். ஒரு நாள் வாய் தவறித் தமிழ்ல சொன்னதுக்கு ரெண்டும் என்னை ஆருன்னு கேக்கற மாதிரி பார்த்துச்சு. அன்னைக்கே தமிழ் போயிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

போன திங்கக்கெழமை தொரெ கார்ல வந்தாரு. கூட அவரோட கிளார்க்கு ஒருத்தரு. ஊரே என்ர பின்னால கை கட்டி நிக்குது. தொரெ நேராக் கிணத்தடிக்கு வந்து, பறித் தண்ணி விழுற தொட்டிக் கல்லு மேல ஏறி நின்னு கிணத்தை எட்டிப் பார்த்தாரு. அது பாசி புடிச்ச கல்லு, வழுக்கிப்போடும். மாடு மேல தயாரா நிக்குது, பறி உள்ள தண்ணியில ரொம்பிக் கெடக்குது. தொரெ வழுக்கி விழுந்தா கம்பியும் போச்சு, ஊரும் செயிலுக்குப் போகுமேன்னு படிச்சதையெல்லாம் ஒண்ணு சேர்த்து, "கம் டவுனுங்க தொரெ" என்றேன். தொரெ எறங்கல. மாடு எறங்கிப்போடுச்சு. பறி வந்துச்சு பாருங்க மேல, ஒரு பறித் தண்ணி பூராவும் தொரெயோட தொப்பியில ஆரம்பிச்சு பூட்ஸ் வரைக்கும். ஊரு ஓடியே போயிருச்சு. நானும் கிளார்க்கும், எப்பவும் போல மாட்டுக்குப் பின்னால உங்க தங்கச்சியும் மட்டுந்தான் நிக்கறோம்.

ஆனா அந்த மனுசன் கோவிக்கவே இல்லீங்க. மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு, மாட்டையப் பார்த்து, என்னையப் பார்த்து, இன்னொருக்காச் சொல்லுங்கறாரு. "கம் பேக்குங்க" என்றேன், வந்துச்சு. விழுந்து விழுந்து சிரிச்சாரு, என்ர கையப் புடிச்சுக் குலுக்கினாரு, மாட்டைப் படம் புடிச்சாரு. பொறவு நோட்டுல என்னமோ எழுதினாரு. கார் போறப்போ கிளார்க்கு என்ர காதுல சொல்றாரு, "இத்தனை நல்ல மாடு இருக்கற ஊருக்கு மோட்டார் எதுக்குன்னு எழுதிப்போட்டாருங்க, கம்பி இனி அடுத்த வருசந்தான்." அன்னையிலிருந்து ஊருல ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்ல. நான் தெருவுல வந்தா எதுக்க வாறவன் சந்துல நொழைஞ்சுக்கறான். வெக்கமா இருக்குது மச்சான்.

ஆகையால், கம்பியும் இல்லாத இந்த நிலைமையில், என்ர மாட்டுக்கும் இன்னும் கால் குணமாகாத நிலைமையில், தங்கள் மாடுகளை அனுப்பினாலும் அங்கே அவைகளோடு பேச ஆளில்லை என்பதைத் தாங்கள் யோசிக்க வேண்டும். தாங்கள் இங்கே வந்து மூன்று மாதம் தங்கி அமிர்தநாதன் வாத்தியாரிடம் படித்தால், பிறகு தாராளமாக ஓட்டிக்கொண்டு போகலாம். புகையிலை போனால் அடுத்த பட்டத்தில் நட்டுக்கொள்ளலாம், இங்கிலீசு வருமா?

பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு என் ஆசியும். எல்லோரும் நோய் நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
நஞ்சுண்டன்

பின்குறிப்பு: அண்ணா, இது நாச்சியம்மா எழுதறது. இவரு ஒட்டித் தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சுப் பார்த்தேன். எங்க மாட்டுக்குக் கால் நல்லாகிப் பதினஞ்சு நாளாச்சுங்க. உங்க மாடு தமிழை ஒண்ணும் மறக்கல, அதுகளுக்கு இங்கிலீசும் தெரியாது. இவரு மேட்டுல நின்னு சொல்றப்போ எல்லாம் நான் பின்னால நின்னு வாலைத் தொடுவேன், திரும்பி வரோணும்னா கயித்தை இழுப்பேன், தமிழ்ல சொன்னன்னைக்குத் தொடாம உட்டுட்டேன். முப்பது வருசத்துல அவரு மூஞ்சி அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்ல, அதான். தொரெ வந்தன்னைக்கும் நான்தான் தொட்டேன், இத்தனை நல்ல மாடு இருக்கறதைப் பார்த்தா மோட்டார் வேண்டாம்னு போயிருவாருன்னு. மோட்டார் வந்துட்டா மாடு வேண்டாம், பொறவு பொழுதுக்கும் இந்த இங்கிலீசைக் கேக்கறதுக்கு நான் ஒருத்திதானுங்களே மிச்சம்? தொரெ நனைவாருன்னு மட்டும் நெனைக்கல. வெள்ளிக்கெழமை மாடு ரெண்டும் அங்க வந்துரும். தான் இல்லாம மாடு நடக்காதுன்னு இவரும் கூடவே வருவாரு, புகையிலை அறுக்கற வரைக்கும் அங்கியே வெச்சுக்குங்க. அவரு மேட்டுல நின்னு சொல்லட்டும், நீங்க பின்னால நின்னு வாலைத் தொடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்.