சுற்றுலா விசா சம்சாரம்

இந்த முறை விசாவுக்கு விண்ணப்பிப்பதில்லை என்று நசுருதீன் முடிவு கட்டினார்.

லேசுப்பட்ட முடிவு அல்ல. கூடத்தின் நடுவில் நின்று, வலது கையை உயர்த்தி, உரத்த குரலில் எடுத்த முடிவு. கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. அதனால் இன்னொரு முறை சொன்னார்.

"அவளே வாயத் தொறந்து சொல்லோணும். 'உங்களப் பாக்காம இருக்க முடியல, வாரேன்'னு சொல்லோணும். அதுவரைக்கும் சாஜித் கம்ப்யூட்டர் கடை வாசப்படிய மிதிச்சா ஏம் பேரு நசுருதீன் இல்ல!"

நசுருதீன் போத்தனூர்க்காரர். மாவாட்டும் கிரைண்டர் விற்பவர். ஐம்பதைத் தொட்டவர். முதல் மனைவி மௌத்தாகிப் பல வருஷம் தனிக்கட்டையாக இருந்தார். கொழும்புக்குக் கிரைண்டர் அனுப்பும் விஷயமாகப் போன இடத்தில் அமைந்தவள்தான் சித்திகா. கிரைண்டர் வாங்கிய கடைக்காரரின் தங்கை. இலங்கையிலேயே கம்பளை என்ற ஊரில் அரசாங்கப் பள்ளிக்கூட டீச்சர்.

"ஏத்துமதி பண்ணப் போயி சம்சாரத்த எறக்குமதி பண்ணிப்போட்டாரு பாய்" என்று போத்தனூர் சிரித்தது. இறக்குமதி முழுசாக நடக்கவில்லை என்பது போத்தனூருக்குத் தெரியாது. சித்திகாவுக்கு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் சில வருஷம் வேலை பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால்தான் வர முடியும். பெண்டாட்டிகளுக்கென்று தனி விசா உண்டுதான். ஆனால் அதற்குக் கேட்கும் காகிதங்களைச் சேர்ப்பதற்குள் லீவே முடிந்துவிடும். சுற்றுலா விசாவே போதும் என்று சித்திகா சொல்லிவிட்டாள். ஆக, கட்டின புருஷன் வீட்டுக்கு அவள் வருவதும் போவதும் சுற்றுலாப் பயணியாக.

ஒவ்வொரு லீவுக்கும் விசா போடுவது நசுருதீன் வேலை. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சாஜித் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவர் சொல்லச் சொல்ல அவன் தட்டுவான். முதல் தடவை, விண்ணப்பத்தில் 'எந்தெந்த இடங்களைப் பார்க்கப் போகிறார்?' என்று கேட்டிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னார்: கொடுமுடி, அந்தியூர்.

சித்திகா வந்து இறங்கியதும், "எப்ப கொடுமுடி போறம்?" என்றாள்.

"அது சும்மா எழுதுனது, சித்திகா."

"அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திட்டுப் போகாம இருக்கலாமா?"

டீச்சர் அல்லவா? கொடுமுடியில் காவிரியைப் பார்த்தார்கள். அந்தியூர்ச் சந்தையில் குதிரையைப் பார்த்தார்கள். ஒரு குதிரை நசுருதீனின் வெள்ளைச் சட்டைமேல் பலமாகத் தும்மியது. சித்திகா கண்ணில் தண்ணீர் வர வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நினைத்து நினைத்தே அடுத்த லீவு வரை காலம் தள்ளினார் மனுஷன்.

அப்படிப்பட்டவருக்கு இப்போது என்ன கோபம்?

ஒன்றுமில்லை. போன வாரம் சித்திகா போன் செய்தாள். இவர் எடுத்து ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் சொன்ன கையோடு அவள் கேட்ட முதல் கேள்வி, "விசா போட்டாச்சா?"

சாப்பிட்டீர்களா இல்லை. உடம்பு எப்படி இல்லை. விசா போட்டாச்சா!

'நான் என்ன புருஷனா, புரோக்கரா?' என்று அன்றைக்கு இரவு முழுக்கப் புரண்டார். விடிந்ததும் கூடத்தில் நின்று முடிவெடுத்தார்.

மறுபடி போன் வந்தது.

"விசா போட்டாச்சா?"

"சர்வர் படுத்துக்கிச்சு."

"எப்ப எழும்பும்?"

"அரசாங்கத்து சர்வர். அதுக்கு இஷ்டப்பட்டப்பத்தான் எந்திரிக்கும்."

"சரி. எழும்பினதும் போடுங்க. பிள்ளைகள்ட பேப்பர் திருத்தணும். வைக்கட்டா?"

வைத்துவிட்டாள். நசுருதீன் அடுத்த அம்பை எடுத்தார்.

"போட்டோவ வேண்டாம்னுட்டாங்க, சித்திகா."

"ஏன்?"

"நீ சிரிக்கிறயாமா. சிரிக்கக் கூடாதாமா."

"நான் சிரிக்கல்லயே."

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியோணுமே!"

புதுப் போட்டோ வந்தது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதில் முறைத்துக்கொண்டிருந்தாள். நசுருதீன் அதை வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். முறைத்தாலும் நன்றாகத்தான் இருந்தாள். கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு மணி பார்க்க எடுத்தால்கூட முறைத்தாள்.

மூன்றாவது அம்பு, பிரம்மாஸ்திரம்.

"எதுக்காக வர்றீங்கன்னு கேக்குறாங்க."

"சுற்றுலா எண்டு போடுங்க. எப்பவும் அதுதானே?"

"இந்தத் தடவ அது பத்தாதாமா. விரிவா எழுதோணுமாமா. மனசுல இருக்கறத அப்படியே."

"அரசாங்கத்துக்கு என்ட மனசு என்னத்துக்கு?"

"சட்டம் மாறிப்போச்சு. நீ சொல்லு, நான் எழுதிக்கறேன். யாரப் பாக்க வர்றே? எதுக்குப் பாக்கோணும்? பாக்காட்டி என்னாகும்?"

நசுருதீன் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். வருகிறது, இதோ வருகிறது...

"அந்தியூர்க் குதிரையப் பாக்க எண்டு போடுங்க" என்றாள் சித்திகா.

அதற்குப் பிறகு அவள் விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. போன் வரும். கம்பளை மழையைச் சொல்வாள். பிள்ளைகளின் சேட்டையைச் சொல்வாள். விசா என்ற வார்த்தையே வராது. கேட்டபோது வந்தது கோபம். கேட்காதபோது வந்தது பயம்.

"சர்வர் எந்திரிச்சிருச்சாமா" என்று இவரே கொக்கி போட்டுப் பார்த்தார்.

"அப்பிடியா? நல்லம்."

"வேற ஏதாச்சும் பேசு, சித்திகா."

"ஏன் பேசணும்? இண்டைக்கு என்ன பிழ செஞ்சீங்க?"

அவள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. மற்றதெல்லாம் கதைப்பது. இவர் ஊரில் கதை என்றால் பொய். நல்ல நாளிலேயே இந்தக் குழப்பம் உண்டு. "செரி, திட்டவாவது செய்" என்று சொல்ல நினைத்தார். அதற்குள் வைத்துவிட்டாள்.

மற்ற வருஷங்களில் விசா போட்ட அன்றைக்கே வீட்டுக்கு உயிர் வந்துவிடும். திரைச்சீலை துவைப்பார். அவள் ஊர்த் துவையலான சம்பலுக்கு என்று நல்ல தேங்காயாகப் பொறுக்கி வைப்பார். அவளுடைய டீக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பார். இந்த வருஷம் கோப்பையில் தூசி படிந்து கிடந்தது. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எத்தனை முயன்றும் கை கேட்கவில்லை. இரண்டு ஆளுக்கு ஆகிவிடும். மிச்சத்தை ராத்திரிக்கும் தின்றார், விடிந்தும் தின்றார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் பதில் சொன்னார்.

வீட்டின் அமைதி தாங்காமல் ஒரு சாயங்காலம் கிரைண்டரைப் போட்டார். அரிசி இல்லை, உளுந்து இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும். கல் உருண்டது. கடகடவென்று சத்தம் வீடெங்கும் நிறைந்தது. அடுக்களையில் யாரோ வேலையாக இருப்பது போலத் தோன்றியது. கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். சுகமாக இருந்தது. மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும்.

"ஏனுங்க பாய்!"

மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு மாசாணியம்மாள். சித்திகா வரும்போதெல்லாம் அவளுக்குக் கூட்டாளி.

"சொல்லுங்கக்கா."

"பொழுதானா மாவாட்டற சத்தம் கேக்குதுங்க. ஒரு நாளைக்காச்சும் ரெண்டு இட்லி இந்தப் பக்கம் வரலீங்களே?"

"அது... சோதன ஓட்டமுங்கக்கா. யாவாரத்துக்கு."

"ஊட்டுலயுங்களா?"

"கடைல எடம் பத்தலீங்க."

"அம்மணி எப்ப வாராங்க?"

"விசா போடோணுமுங்க."

"போடறதுதானுங்களே?"

நசுருதீன் மதில் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "வர்றேன்னு அவ ஒரு வார்த்த சொல்லட்டுமுங்கக்கா. எப்பவும் நானேதான் எறங்கிப் போகோணுமா?"

மாசாணியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். "வெறுங்கல்ல ஓட்டுனா கல்லுத்தானுங்க பாய் தேயும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆடி பிறந்தது. கம்பளையில் லீவு விடும் காலம் நெருங்கியது. நசுருதீனின் வீராப்பு ஒவ்வொரு இழையாக அவிழ்ந்தது. 'விட்டுக்குடுக்கறது தோல்வி இல்ல, பெருந்தன்மை' என்று முதலில் தனக்கே எடுத்துச் சொன்னார். 'வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான சொன்னேன், தாண்டிப் போனாப் போச்சு' என்று அடுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். சாஜித் கடை வாசற்படியை ஒரே எட்டில் தாண்டினார்.

"வாங்கண்ணா. பாத்து, பாத்து! எதுக்குத் தாண்டறீங்க?"

"அண்ணிக்கு விசா போடோணும் சாஜித்து. அவசரம். இன்னைக்கே."

சாஜித் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். மோவாயைச் சொறிந்தான்.

"அண்ணிக்குங்களா?"

"பின்ன? எனக்கு எத்தன சம்சாரம் சிலோன்ல?"

"இல்லீங்கண்ணா... அது அப்பவே போட்டாச்சுங்களே."

"யாரு போட்டது?"

"நாந்தானுங்க. சர்வர் நெசமாவே படுத்துக்கிச்சான்னு அண்ணி வாட்ஸப்புல கேட்டாங்க. நல்லா ஓடுதுங்கண்ணின்னு சொல்லிப்போட்டேன். அப்ப நீங்களே போட்டுருங்கன்னாங்க. ஒரு வருஷ விசா. வந்தும் போச்சுங்க."

"அப்பறம் அந்த முறைச்ச போட்டோ?"

"எனக்கும் அனுப்புனாங்கண்ணா. பாத்துச் சிரிங்கன்னு."

நசுருதீன் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்ல வேண்டாம்னுட்டாங்கண்ணா."

வெளியே வந்தார். ஏமாற்றப்பட்ட கோபம் வர வேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. விசா அவள் கையில் இருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது. ஆனாலும் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சாவி தன் கையில் இருப்பதாக நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. வர வேண்டியவள்தான் வரவில்லை.

கால் போன போக்கில் போய் போத்தனூர் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் நின்றார். கீழே யாரோ யாரையோ வரவேற்றுப் பையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கைபேசியை எடுத்தார். முறைத்தாள். அழைத்தார்.

"ஓம், சொல்லுங்க."

கேட்க நினைத்தது நூறு கேள்வி. வாயில் வந்தது ஒன்றுதான்.

"வந்துரு."

"என்ன?"

"வந்துரு சித்திகா. சர்வரும் படுக்கல, ஒண்ணும் படுக்கல. எல்லாம் நான் விட்ட கதை. போட்டோவுல ஒரு கொறையும் இல்ல. ஊட்டுல மனுசச் சத்தமே இல்ல. வெறுங் கிரைண்டர ஓட்டிட்டு உக்காந்துருக்கறேன். உன்னையப் பாக்காம இருக்க முடியல. வந்துரு."

அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் கூவிக்கொண்டு உள்ளே வந்தது.

"ரயில் சத்தத்தில விளங்கல்ல. திருப்பிச் சொல்லுங்க."

கத்திச் சொன்னார். வாழைத்தார் சுமந்து போன ஒருவர் நின்று, "வந்துருவாங்க, அழுவாதீங்க" என்று தேற்றிவிட்டுப் போனார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"இப்பத்தான் ரயிலே நின்னுருச்சே!"

"நிண்டது தெரியும். கேக்க ஆசையா இருந்திச்சி." அவள் குரல் இறங்கியது. "கலியாணம் முடிச்ச நாள்லருந்து ஒவ்வொரு லீவுக்கும் விசா போட்டாச்சு, விசா வந்தாச்சு எண்டுதான் சொல்லியிருக்கீங்க. வா எண்டு ஒருக்காச் சொன்னதில்ல. ஆபீஸ் கூப்பிடுற மாதிரி இருக்கும். வா எண்டு கேட்டாத்தான் வாற எண்டு நானும் இந்தத் தரம் பிடிவாதமா இருந்தன்."

நசுருதீன் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தான் கூடத்தில் நின்று எடுத்த அதே சபதம். அவள் கடலுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் எடுத்து, ஜெயித்தும்விட்டாள்.

"நான் சொல்லாமயே போயிருந்தா?"

"சொல்லுவீங்க எண்டு மாசாணியக்கா போன்ல சொன்னா. கிரைண்டர் சத்தம் கூடிட்டே வருது, கொஞ்சம் பொறுங்க அம்மணி எண்டா."

"அவங்களுமா! ...அப்ப டிக்கெட்டு?"

"அது எப்பவோ எடுத்தாச்சி. வெள்ளிக்கிழம வாறன். திருச்சி ஏர்போட் வரைக்கும் நீங்க அலைய வேணாம். ரயில்ல ஏறி நானே போத்தனூருக்கு வந்திருவன்."

வெள்ளிக்கிழமை நசுருதீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டி வருவதற்கு வெகு முன்பே நடைமேடையில் நின்றார். வழியெல்லாம் ஒன்றையே யோசித்து வந்திருந்தார். தான் மூன்று தரம் சொல்லியாகிவிட்டது, அதிலும் ஒன்று ஊர் கேட்க. அவள் ஒரு தரமாவது சொல்ல வேண்டாமா? நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

வண்டி நின்றது. சித்திகா இறங்கினாள். முன்பைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தாள். பையை வாங்கிய நசுருதீன் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அவளும் விடுவிக்கவில்லை.

"சித்திகா, இப்ப நீ சொல்லு. ஒரே ஒரு வார்த்த. என்னையப் பாக்காம உனக்கு எப்படி இருந்துச்சு?"

சித்திகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் லேசாகக் கலங்கி வந்ததை முக்காட்டு நுனியால் ஒற்றிக்கொண்டாள். பிறகு டீச்சர் குரலில் சொன்னாள்:

"அதெல்லாம் சுற்றுலா விசாவில வந்து சொல்றதுக்கு அனுமதி இல்ல."