கை சும்மாதானே இருக்குது

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் காட்டில் கடலைக்காய் பிடுங்கப் போவதில்லை. மத்தியானம் அங்கே போடும் கிடாக்கறிச் சோற்றை மட்டும் விடுவதில்லை. சனிக்கிழமை பல் துலக்கும்போதே இந்த முடிவை எடுத்துவிட்டேன். என் கல்யாணப் பேச்சின்போதும் இவ்வளவு உறுதியாக இருந்திருக்கலாம்.

மாமனார் பச்சியப்பன் இண்டூரில் எங்களுக்கு அடுத்த தெரு. அவர் காட்டில் கடலை பிடுங்கச் சொந்தபந்தம் எல்லாம் இறங்கும். பிடுங்குகிறவர்களுக்குக் கறிச்சோறு. மாப்பிள்ளை என்கிற மரியாதையில் எனக்கு மட்டும் ஒரு சால் கூடுதலாகத் தருவார். பிடுங்கத்தான், ஒரு வரிசைச் செடி.

நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று விளக்கம் காட்டுகிற மென்பொருள் எங்களுடையது. அது எல்லா வகை யூனிக்ஸ் மெஷினிலும் ஓட வேண்டும். அதற்குத் தக்கபடி செட்டிங்ஸ் எழுதி, பில்டு போட்டு, ஓடத் தயாராக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் பில்டு முடிந்துவிடும். இந்த ரகசியம் மனைவி கலைமணிக்குத் தெரியாது.

"கலை, நாளைக்குப் பில்டு ஓடுது. காட்டுக்கு வர முடியாது போல."

"எந்நேரம் வரைக்குங்க ஓடும்?"

"மத்தியானம் சோத்து நேரம் வரைக்கும்."

"அதெப்படிங்க அவ்ளோ கரெக்டா சோத்து நேரத்துக்கு முடியுது?"

"அனுபவம்."

"அப்படி என்னதாங்க பண்ணும் அது?"

"மொதல்ல மெஷினைச் சோதிக்கும். இந்த வசதி இருக்கா, அந்த வசதி இருக்கான்னு ஒண்ணொண்ணா பாக்கும்."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மா பாத்தாங்களே, அப்படியா?"

"அப்படித்தான். ஆனா செட்டிங்ஸ்ல நாமளே 'இல்லை'ன்னு எழுதிட்டா, திருப்பிச் சோதிக்காது. அப்படியே நம்பிரும்."

"நெசமா இருந்தாலுமா?"

"இருந்தாலும் இல்லைதான்."

"அட, நல்லாருக்குதே! அப்ப உங்களுக்கு என்னங்க வேலை?"

வாயை இங்கே மூடியிருக்கலாம். "கண்ணை எடுக்காம ஸ்கிரீனையே பாக்கணும்" என்றேன், பெருமூச்சோடு.

"கைக்கு?"

"கைக்கு ஒண்ணும் இல்லை. எல்லாம் கண்ணுதான்."

"பாவங்க நீங்க" என்றாள். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் அவள் கிளம்பிப் போனாள். நான் பில்டைத் தட்டிவிட்டேன். முடிந்தது. போர்வையை இழுத்துப் போர்த்தினேன். வாசலில் டிராக்டர் சத்தம்.

மைத்துனன் பூவரசன். வண்டி நிறைய, வேரில் காய் தொங்கும் கடலைச் செடி. என் நாற்காலியைச் சுற்றிலும் கொட்ட ஆரம்பித்தான்.

"டேய், இது என்னடா?"

"அக்கா சொல்லுச்சி மாமா. உங்களுக்குக் கண்ணுக்குத்தான் வேலையாம், கை சும்மாதானே இருக்குதாம். அப்படியே காயை ஆஞ்சி வெச்சிருங்க."

பில்டு முடிந்துவிட்டது என்று சொன்னால் அதே டிராக்டரில் என்னை ஏற்றிப் போய்க் காட்டில் இறக்குவான். ஓடுகிறது என்றால் காய் ஆய வேண்டும். ஆய்ந்தேன். லோடுக்கு லோடு அவன் வந்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்ததால், முடிந்த பில்டை அழித்து அழித்து மறுபடி ஓட்டினேன். உலகத்திலேயே அதிகம் சோதிக்கப்பட்ட மெஷின் என்னுடையதாகத்தான் இருக்கும். அடுத்தபடி நான்.

பக்கத்து வீட்டு முனியம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, கம்ப்யூட்டருக்குக் கடலக்காயும் போடணுங்களா?"

"இல்லக்கா. கண்ணு அதுல, கை இதுல."

"அடேயப்பா!" என்று போனவள் தெரு முனையில்தான் நின்றாள்.

நகக்கண்ணெல்லாம் செம்மண். உச்சி வெயில் ஏறியதும் போனை எடுத்தேன்.

"கலை, முடிஞ்சிருச்சி! இதோ வரேன். கறி வெந்துருச்சா?"

"ஐயோ, நீங்க சோத்துக்கு இல்லைன்னு காலையிலயே அப்பாகிட்டச் சொல்லிட்டனேங்க."

"நான் நேர்ல வந்து நின்னா?"

"இருந்தாலும் இல்லைதானுங்க. உங்க பங்கைப் பூவரசன் தின்னுட்டான்."

அவளுக்குப் பின்னால் யாரோ குழம்பு கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். கறி போனதுகூடப் பெரிதில்லை. புங்கமரத்து நிழலில் அவள் பக்கத்தில் எனக்கென்று ஓர் இலை விழுந்திருக்கும். நல்லி எலும்பாகப் பொறுக்கி என் இலையில் வைத்திருப்பாள். ஒரு சால் குனிந்திருந்தால் என்ன தேய்ந்து போயிருப்பேன்? மோர்ச்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, மனசே இல்லாமல் மறுபடியும் ஆய உட்கார்ந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். காய்க் குவியலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒரு செடிகூட மிச்சம் வெக்கலீங்களே! அப்பா பார்த்தா பூரிச்சிப் போயிருவாரு."

வெட்கமில்லாமல் எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த தடவை நானும் காட்டுக்கே வந்துடறேன், கலை."

"நீங்க எதுக்குங்க வெயில்ல? முனியம்மாக்கா ஊரெல்லாம் சொல்லிருச்சி. நாளைக்கு அவங்க லோடு வருது, அதுக்கப்புறம் மேலத்தெருக்காரங்களுது. நீங்க அந்த மெஷினை மட்டும் நிறுத்திராதீங்க."