பூட்டுக் கடைக்கு ஒரு பூட்டு

மாமனாரின் பூட்டுக் கடைக்காக மாப்பிள்ளை உருவாக்கிய இணையதளம், திறந்ததுமே சிவப்பில் 'ஆபத்து, பாதுகாப்பற்றது' என்றது. பதினோரு மணிக்கு மாமனார் அதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

தளம் இன்னும் வெளியுலகுக்குப் போகவில்லை. வீட்டு வைஃபைக்குள் மட்டும் திறக்கும். முகவரியை நேற்றே தாளில் எழுதிக் கொடுத்திருந்தான்.

மாமனார் யார் பூட்டிய பூட்டையும் மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவர். மாப்பிள்ளை வாசல் கதவைப் பூட்டினால், படியிறங்கியவர் திரும்ப ஏறி வந்து இழுப்பார். நாலு வருடமாக இழுக்கிறார். அப்படிப்பட்டவர் முதல்முறையாகக் கொடுத்த வேலை இது.

"கீழ சின்னதா 'பரவாயில்லை, உள்ளே போ'ன்னு இருக்கே, அதை அமுக்கச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"பூட்டு விக்கிறவர்கிட்ட போய் எச்சரிக்கையைக் கண்டுக்காதீங்கன்னு எப்படிச் சொல்றது?"

மெச்சத்தான் வேண்டும், குறுக்கு வழி அவனுக்கு ஆகாது. தளத்தை நம்பலாம் என்று கணினிக்கு உறுதி சொல்லும் சான்றிதழ் இல்லாததுதான் கோளாறு. மற்றச் சான்றிதழ்களுக்கு ஜாமீன் நிற்கும் ஒரு தாய்ச் சான்றிதழைத் தானே தயாரித்து, அதன் பெயரால் தளத்துக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தான். தாயை நம்பும்படி தன் கணினியிடம் சொன்னான். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் கச்சிதமாக மூடிக்கொண்டது.

கீழ்த்தளத்தில் மாமனாரின் கணினியில் அதே சிவப்பு. அதற்குத் தாய் யாரென்றே தெரியாது. பென் டிரைவில் கொண்டுபோய் அறிமுகம் செய்துவைத்தான். அப்போதும் சிவப்பு. சான்றிதழில் இருந்தது அவன் கணினி தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் பெயர், மாமனாருக்குக் கொடுத்த முகவரி அல்ல.

மணி பத்தரை. பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தயாரித்தான், தாய் உட்பட. பழைய தாயை நம்பிக்கொண்டிருந்த இரண்டு கணினிகளும் இப்போது சேர்ந்து சிவந்தன.

வேறொருவனாக இருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பான். இவன் முகம் கழுவிக்கொண்டு வந்தான். சரியான முகவரியோடு சான்றிதழ் போட்டு, புதுத் தாயை மாடியிலும் கீழேயும் நம்பவைத்தான். பத்து ஐம்பத்தெட்டுக்கு இரண்டு பூட்டும் மூடின. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் வந்து உட்கார்ந்தார். பூட்டுச் சின்னத்தின் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. நேராக மூன்றாவது பக்கத்தைத் திறந்தார்.

"அலமாரிப் பூட்டு படம் இன்னும் சின்னதாவே இருக்கே."

"இன்னுமா, மாமா?"

பதில் அடுக்களையிலிருந்து மாமியார் குரலில் வந்தது.

"நேத்து சாயங்காலமே பார்த்துட்டாரே. செவப்பா ஆபத்துன்னு போட்டிருக்கு, வேணாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மாப்பிள்ளை செஞ்சதை எதுக்கு இழுத்துப் பாக்கணும்னு அமுக்கிட்டு உள்ள போயிட்டார்."