ஓர் ஊரை ஓடவைத்த வாக்கியம்

நான் எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டு ஓர் ஊரே எழுந்து ஓடியிருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கைக்குழந்தைக்காரிகள் ஓடினார்கள். ஒருவர் பாதி சவரத்தோடு ஓடினார்.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பூந்தமல்லியில் சுகாதார இலாகாவின் சின்ன ஆபீஸ் ஒன்றில் பிரசார குமாஸ்தா. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், அம்மை குத்திக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்குப் புரியும்படி நோட்டீஸ் எழுதுவது என் வேலை. (‘புரியும்படி’ என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.)

அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் வாந்திபேதி புகுந்திருந்தது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரே வாரத்தில் நான்கு சாவு. அங்கே ஊசி போட முகாம் ஏற்பாடாயிற்று. ஊசி போட்டால் கை வலிக்கும், காய்ச்சல் வரும் என்பதை மட்டும் ஜனங்களிடம் மூச்சுவிடக் கூடாது, பயந்துவிடுவார்கள் என்று துரை உத்தரவு. நான் ராத்தூக்கம் கெட்டு நோட்டீஸ் எழுதினேன். அதன் மணிமகுடமான வாக்கியம் இது: ‘ஊசி போட்டுக்கொண்ட அனைவருக்கும் வாந்திபேதி வரும் என்ற அச்சம் அடியோடு நீங்கும்.’

தமிழ் தெரியாத துரை அதில் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஆபீஸில் துரை கையெழுத்துப் போட்ட காகிதத்தில் தப்பு இருக்கவே முடியாது. தலைமைக் குமாஸ்தா இரண்டு தரம் படித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மற்ற காகிதக் கட்டோடு சேர்த்தார். தண்டோரா போடும் முனுசாமிக்கு எழுத்து தெரியாது. நான் படித்துக் காட்ட, அவர் மனப்பாடம் செய்தார். அவர் ஒருவர்தான் வாயைத் திறந்தவர்.

“நீளமா கீது அய்யா. ஒரே மூச்சுல வராது.”

எழுதியபடிதான் சொல்ல வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் சர்க்கார் குற்றம் என்று அவரை மிரட்டி வைத்தேன்.

மறுநாள் காலை கோயிலுக்கு எதிரே கொட்டகை போட்டு, மேஜை, பெஞ்சு, ஊசி மருந்தோடு டாக்டர், எல்லாம் தயார். ஊரே கூடியிருந்தது. முனுசாமி பறையைத் தட்டிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, “ஊசி போட்டுக்கொண்ட அனைவருக்கும் வாந்திபேதி வரும்” என்றார். அங்கே மூச்சு தீர்ந்தது. மூச்சு தீர்ந்தால் பறையைத் தட்டுவது தொழில் வழக்கம். தட்டினார். மிச்ச வாக்கியத்தை அவர் சொன்னபோது கேட்க எட்டுப் பத்து ஆம்பிளைகள்தான் இருந்தார்கள். மற்றவர்கள் ஏரிக்கரை ஏறிவிட்டார்கள்.

நான் மிச்சமிருந்தவர்களிடம் ஓடி, அர்த்தம் அப்படியில்லை, ஊசி அமிர்தம் மாதிரி என்று விளக்கினேன். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ போட்டுக்கினியா நைனா?” என்றார்.

நான் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் எனக்கு உள்ளங்கால் வரை வேர்க்கும். ஆனால் சர்க்கார் மானம் என் தோளில் இருந்தது. சட்டைக் கையை மடித்து பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டர் ஊசியைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை.

முகத்தில் தண்ணீர் பட்டு விழித்தபோது யாரோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “ஊசி படறதுக்கு முன்னாலயே இவனுக்கு வந்துட்ச்சு.” மிச்சப் பேரும் போய்விட்டார்கள்.

காலிக் கொட்டகையில் டாக்டரும் நானும் முனுசாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அப்போது தலையில் கூடையோடு ஒரு பெண்பிள்ளை வந்தார். ஜைனம்பு, அந்த வட்டாரமெல்லாம் வீடு வீடாக வளையல் விற்பவர். செத்துப்போன நால்வரில் ஒருவன் அவருடைய தம்பி என்று முனுசாமி தணிந்த குரலில் சொன்னார். அவர் கூடையை இறக்கினார். டாக்டரிடம், ஊசி போட்டால் உடம்புக்கு என்ன செய்யும் என்று நேராகக் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார், துரையின் உத்தரவை நினைத்தார், பிறகு உண்மையைச் சொன்னார். ஜைனம்பு வளையல்களை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். கண்ணைக்கூட மூடவில்லை.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வெயிலில் எல்லோரும் பார்க்கும்படி பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் எட்டிப் பார்த்த பெண்களிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“கை வலிக்குது. கொஞ்ச நேரத்துல உடம்பு காயுமாம். பேதி வராது. பொழுது சாயறவரிக்கும் இங்கியே குந்திக்கினு கீறேன், வந்து வந்து பாத்துக்குங்க.”

மத்தியானம் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. நான் பயந்துபோய் டாக்டரைப் பார்த்தேன். அவரோ, வந்து பார்த்த ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்து, “சொன்னேன்ல, காயுது” என்றார். சொன்னது சொன்னபடி நடந்ததுதான் அவர்களுக்குத் தைரியம் தந்தது. முதலில் ஒருத்தி மருமகளோடு வந்தாள். பிறகு அந்தத் தெருவே வந்தது. வெயில் இறங்குவதற்குள் டாக்டர் கொண்டுவந்த மருந்து தீர்ந்துவிட்டது. நான் வரிசையின் ஓரத்தில் நின்று அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு முன்னும் பின்னும் வேறெந்த மனிதரையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த ஊரில் அதற்குப் பிறகு வாந்திபேதியில் யாரும் சாகவில்லை. ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, “எனக்கு அப்பவே தோணிச்சு” என்றார். ஆனால் துரைக்குப் போகவேண்டிய அறிக்கையில், பிரசார குமாஸ்தாவின் சொல்வன்மையால் வெற்றி என்று எழுதியிருந்தார். நான் அதை அடித்து ஜைனம்புவின் பெயரை எழுதினேன். தலைமைக் குமாஸ்தா என் பெயரைத் திரும்ப எழுதினார். கடைசியில், அந்த ஆபீஸில் யாரும் செய்யாத காரியமாக, நேரே துரையின் அறைக்குள் போய் நடந்ததை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மயங்கி விழுந்ததையும் சொன்னேன். துரை முதன்முறையாக என்னை உட்காரச் சொன்னார். அந்த மாதமே, காய்ச்சல் வரும் என்பதை மறைக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி என்றாலும் என் மனைவி என்னைத் தவறாமல் அழைத்துப் போகிறாள். நர்ஸ் ஊசியை எடுத்ததும், “ஒரு நிமிஷம்மா, எங்க ஊட்டுக்காரர் மொதல்ல படுத்துக்கட்டும்” என்கிறாள். குழந்தைகள் சிரிக்கிற சிரிப்பில் ஊசி போட்டதே அவர்களுக்குத் தெரிவதில்லை.