சம்பந்தம் பேசப் போய்ப் பிள்ளைத்தாச்சியான கதை

ஸ்டீரொயிட் குளிசை எடுக்கிறவர்களிடம் "இன்னும் கொஞ்சம் எடுங்கோ" என்று மரியாதைக்குக்கூடச் சொல்லக்கூடாது. மரியாதைக்குச் சொல்வது எது, மனதாரச் சொல்வது எது என்று பிரித்துப் பார்க்கும் மூளை அந்த நாட்களில் எங்களுக்கு வேலை செய்யாது. பசி மட்டும் நன்றாக வேலை செய்யும்.

எனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கிற வருத்தம். சில வருடங்கள் சத்தமில்லாமல் கிடந்தது, தம்பிக்குக் கல்யாணம் பேசத் தொடங்கிய நேரம் பார்த்துத் திரும்பி வந்தது. விரல் மூட்டுகள் வீங்கி, ஒரு போத்தல் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. டொக்டர் குளிசையைக் கூட்டினார். மூட்டு வீக்கம் வற்றியது. வற்றியதெல்லாம் முகத்துக்குக் குடிபோனது. கன்னங்கள் உருட்டி வைத்த மா உருண்டைகள் போலாகின. வயிறும் முன்னுக்கு வந்தது. கையும் காலும் மட்டும் பழையபடி ஈர்க்கு. போதாததற்கு வாய் மூடாத கதை வேறு. (அதற்குக் குளிசை மட்டும் காரணமில்லை என்பார் என் கணவர்.)

கரவெட்டிக்குப் பெண் பார்க்கப் போன அன்று அம்மா வான் வண்டிக்குள் வைத்தே கட்டளை போட்டார்.

"வருத்தம் எண்டு ஒரு சொல்லும் வாயிலை வரப்படாது. பரம்பரை வருத்தம் எண்டு நினைச்சுப்போடுவினம்."

நான் தலையாட்டினேன். தம்பிக்குப் படத்தைப் பார்த்தே அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. நல்லூரில் ஏறியது முதல் தலைமயிரைத் தடவிக்கொண்டே வந்தான். கணவர் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

அங்கே தட்டு நிறையப் பயற்றம் பணியாரம், முறுக்கு, சீனி அரியதரம். எல்லோரும் மரியாதைக்கு ஒவ்வொன்று எடுத்தார்கள். நான் முறுக்கை முடித்து, பணியாரத்தை முடித்து, அரியதரத்தில் பாதி வழி போய்க்கொண்டிருந்தபோது, பெண்ணின் தாய் என் முகத்தையும் வயிற்றையும் கனிவோடு பார்த்துவிட்டு அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மகளுக்கு எத்தினை மாசம்?"

அம்மா என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அஞ்சு."

(எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மூத்தவள் பதினாறு வயதில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.)

நான் மறுத்திருக்கலாம். அதற்குள் முதுகுக்கு ஒரு தலையணை வந்துவிட்டது. காற்றாடி என் பக்கம் திரும்பியது. உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய் வந்தது, பின்னாலேயே சூடாக உளுந்து வடை. வாயைத் திறந்தால் வடை உள்ளே போனதே தவிர உண்மை வெளியே வரவில்லை. வாய் சும்மா இருந்த இடைவெளியில், இம்முறையும் பெண்பிள்ளை என்றால் சந்தோசம் என்று வேறு சொல்லி வைத்தேன். அம்மா என் காலை மிதித்தார்.

அந்த நேரம்தான் கணவர் வந்து சேர்ந்தார். பெண்ணின் தகப்பன் வாசல் படலையடியிலேயே அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, இந்த வயதில் கடவுள் இன்னொன்றைத் தந்திருக்கிறார் என்று வாழ்த்தினார். கணவர் உள்ளே வந்து என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த மாங்காயைப் பார்த்தார். அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"என்னட்டை ஏனப்பா சொல்லேல்லை?"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. வடை புரைக்கேறியது. இருமி, அழுது, மூச்சு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"பிள்ளையும் இல்லை, ஒண்டும் இல்லை. எனக்கு லூபஸ். இந்த முகமும் வயிறும் குளிசையாலை வந்தது. பலகாரம் சாப்பிட்டது மட்டும்தான் நான்."

தம்பியின் கை தலைமயிரிலேயே நின்றுவிட்டது. பலகாரத்தோடு சேர்த்து அவனுடைய கல்யாணத்தையும் தின்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பெண்ணின் தாய் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அப்ப அந்த அஞ்சு மாசம்?"

"குளிசை துவங்கி அஞ்சு மாசம்," என்றார் அம்மா, நிலத்தைப் பார்த்தபடி.

கதவடியில் நின்ற பெண் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தாய் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். எங்களை அனுப்பப் போகிறார் என்று நான் சீலையைச் சரிசெய்தேன். அவரோ தட்டை நிரப்பிக்கொண்டு வந்து என் மடியிலேயே வைத்தார்.

"வருத்தக்காரிக்கும் பசிக்கும்தானே. சாப்பிடுங்கோ பிள்ளை."

கல்யாணம் நடந்தது. குளிசை மெல்ல மெல்லக் குறைந்து என் கன்னங்களும் பழைய அளவுக்கு வந்தன. கணவர்தான் அன்று வீடு திரும்பும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். படலையிலிருந்து கதிரைக்கு வருவதற்குள் பெயர்கூட யோசித்துவிட்டாராம்.

பிறக்காத அந்தப் பிள்ளை இன்றைக்கும் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பெண்ணின் தகப்பன் அதன் வயதைப் பிசகாமல் கணக்கு வைத்திருக்கிறார். போன விஜயதசமிக்கு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சின்னவளுக்கு ஏடு தொடக்கியாச்சோ என்று கணவரிடம் கேட்டார்.

"எங்கை ஐயா," என்றார் கணவர் சிரிக்காமல். "தாயைப் போலதான். பலகாரத் தட்டை விட்டு எழும்புறாள் இல்லை."